ஐந்து நிமிடக் காற்று

1975ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் தேதி. நியூயார்க் கென்னடி விமான நிலையம். மாலை நான்கு மணி அடிக்க இன்னும் சில நிமிடங்கள் இருந்தன. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. இடி, மழை.

ஃப்ளையிங் டைகர் என்ற சரக்கு விமான கம்பெனியின் டி.சி.8 ஒன்று தட்டுத் தடுமாறி இறங்கியது. இறங்கியதும் அதன் பைலட் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டார். இந்த ரன்வேயை மூடுங்கள், வேறு பக்கம் மாற்றுங்கள், கடைசி நேரத்தில் காற்று படு மோசமாகப் புரட்டுகிறது என்றார்.

கட்டுப்பாட்டு அதிகாரி தன் முன்னால் இருந்த கருவியைப் பார்த்தார். காற்று 15 நாட். அதுவும் ரன்வேக்கு நேராக, ஒழுங்காக, சமர்த்தாக. அதைத்தான் அவர் பதிலாகச் சொன்னார். உங்கள் கருவி என்ன காட்டுகிறது என்பது எனக்கு முக்கியமில்லை, நான் அனுபவித்ததைச் சொல்கிறேன் என்று பைலட் மறுபடி கத்தினார். ரன்வே மாறவில்லை.

அடுத்து வந்தது ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸின் 902. இறங்க முயன்று, கீழே இழுக்கப்பட்டு, எப்படியோ சமாளித்து மேலே ஏறித் தப்பித்தது. அந்தத் தகவலும் வானொலியில் வந்தது. அதற்கப்புறம் ஃபின்லாந்து நாட்டு விமானம் ஒன்றும், ஒரு குட்டி விமானமும் வந்தன. இரண்டுமே இறங்கிவிட்டன. ஆக, என்ன அர்த்தம்? ஒருத்தர் மோசம் என்கிறார், இன்னொருத்தர் ஓடிப்போகிறார், இரண்டு பேர் இறங்கிவிடுகிறார்கள். வரிசையில் அடுத்து நிற்பவர் எதை நம்புவார்?

வரிசையில் அடுத்து இருந்தது ஈஸ்டர்ன் 66. நியூ ஆர்லியன்ஸிலிருந்து வந்த போயிங் 727. உள்ளே 124 பேர். ரன்வேயைத் தொடுவதற்கு முன்பே, வழிகாட்டும் விளக்குகளைத் தாங்கி நின்ற கோபுரங்களில் மோதி, பக்கத்து நெடுஞ்சாலையில் போய்ச் சிதறியது. 113 பேர் செத்துப்போனார்கள். ஃப்ளையிங் டைகர் பைலட் கத்தியதற்கும் இதற்கும் இடையில் பத்து நிமிடம்கூட இல்லை.

கருவி பொய் சொன்னதா? இல்லை. பைலட் பொய் சொன்னாரா? அதுவும் இல்லை. இரண்டு பேர் சொன்னதும் நிஜம். இதைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால், பைலட்டுகள் கையில் இருக்கும் வானிலைக் காகிதத்தை முதலில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

விமானம் கிளம்புவதற்கு முன்னால் பைலட்டுக்கு இரண்டு விதமான வரிகள் கொடுப்பார்கள். ஒன்றுக்குப் பெயர் மெட்டார். இன்னொன்று டாஃப். நான் படித்தது பி.காம். எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். மெட்டார் என்பது ரொக்கப் புத்தகம். இந்த நிமிடம் கல்லாவில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே எழுதுவது. காற்று இத்தனை, பார்வைத் தூரம் இத்தனை, மேகம் இத்தனை உயரத்தில். மணிக்கு ஒருமுறை, பெரிய விமான நிலையங்களில் அரைமணிக்கு ஒருமுறை எழுதிவிடுவார்கள். டாஃப் என்பது பட்ஜெட். வரப்போகிற 24 மணி நேரமோ 30 மணி நேரமோ இந்த விமான நிலையத்தில் என்ன நடக்கக்கூடும் என்ற மதிப்பீடு. பட்ஜெட் போடுகிறவர்களைப் பற்றி நம் ஊரில் என்ன அபிப்பிராயம் உண்டோ, கிட்டத்தட்ட அதே அபிப்பிராயம்தான் வானிலைக்காரர்களைப் பற்றியும். ஆனால், வானிலைக்காரர்கள் இந்த விஷயத்தில் நிதி மந்திரிகளைவிட யோக்கியர்கள். தங்களுக்கு எவ்வளவு சந்தேகம் என்பதையும் சேர்த்தே எழுதிவிடுவார்கள்.

எப்படி என்கிறீர்களா? ஒரு மாதிரிக்கு, சென்னை மீனம்பாக்கத்துக்கு நாமாக ஒரு டாஃப் எழுதிப் பார்ப்போம். உலக வழக்கில் சென்னைக்கு வி.ஓ.எம்.எம். என்று பெயர். முதலில் அதைப் போட வேண்டும். அடுத்து 0606/0712. ஏதோ டெலிபோன் நம்பர் மாதிரி இருக்கிறதல்லவா? ஆறாம் தேதி ஆறு மணி முதல் ஏழாம் தேதி பன்னிரண்டு மணி வரை என்று அர்த்தம். கிரீன்விச் நேரம். நம் கடிகாரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். பிறகு 24012கேடி. 240 டிகிரி திசையிலிருந்து, அதாவது தென்மேற்கிலிருந்து, 12 நாட் வேகத்தில் காற்று. பிறகு 6000. ஆறாயிரம் மீட்டர் தூரம் வரை கண்ணுக்குத் தெரியும்.

இதெல்லாம் சாதாரணம். விஷயம் அடுத்த வார்த்தையில் இருக்கிறது. டெம்போ. சாமான் ஏற்றும் வண்டியல்ல. தற்காலிகம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம். டெம்போ 0610/0614, 27025ஜி40கேடி, 2000, டி.எஸ்.ஆர்.ஏ. என்று எழுதியிருந்தால், நம் நேரப்படி மதியம் மூன்றரையிலிருந்து இரவு ஏழரைக்குள் அவ்வப்போது இடி மழை வந்துபோகும். அப்போது மேற்குக் காற்று 25 நாட்டில் அடிக்கும், திடீரென்று 40 வரைக்கும் எகிறும். பார்வைத் தூரம் இரண்டாயிரம் மீட்டராகச் சுருங்கும் என்று பொருள். ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், எல்லாம் சேர்த்துக் கூட்டினாலும் அந்த நான்கு மணி நேரத்தில் பாதிக்கும் குறைவாகவே இருக்கும் என்பது டெம்போவுக்குள் ஒளிந்திருக்கும் சட்டம். வந்தால் தங்கிவிடும் என்கிற மாற்றத்துக்கு வேறு சொல் உண்டு. வருமா வராதா என்றே சந்தேகமாக இருந்தால், ப்ராப் 30 அல்லது ப்ராப் 40 என்று சதவிகிதம் போடுவார்கள். அந்த இரண்டு எண்கள்தான். முப்பதுக்குக் கீழே என்றால் எழுதவே மாட்டார்கள். ஐம்பதைத் தொட்டுவிட்டால் அது சந்தேகக் கணக்கிலேயே வராது.

இத்தனை சுருக்கம் ஏன்? எல்லாம் தந்தி காலத்து வழக்கம். டெலிபிரிண்டரில் ஓர் எழுத்து குறைந்தாலும் லாபம். கம்ப்யூட்டர் வந்த பிறகும் பைலட்டுகள் இதை விடவில்லை. பழகிய கண்ணுக்கு ஒரு பாரா படிப்பதைவிட இந்த ஒரு வரி வேகம்.

டாஃபுக்கு இரண்டு எல்லைகள் உண்டு. ஒன்று, இடம். விமான நிலையத்தைச் சுற்றி ஏறத்தாழ எட்டு கிலோமீட்டர் வட்டம். இன்னொன்று, காலம். அது மணிக்கணக்கில்தான் பேசும். மூன்றரை முதல் ஏழரைக்குள் இடி மழை என்று சொல்லுமே தவிர, நாலு மணி மூன்று நிமிடத்துக்கு, ரன்வேயின் வடக்கு முனையில், முந்நூறு அடி உயரத்தில் என்ன நடக்கும் என்று சொல்லாது. சொல்ல முடியாது. காற்றுமானியோ ஒரு கம்பத்தின் மீது உட்கார்ந்திருக்கிறது. அது தான் இருக்கும் இடத்துக் காற்றை மட்டும்தான் சொல்லும்.

ஈஸ்டர்ன் 66 விழுந்தது இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த சந்தில். பல்லாயிரம் மணி நேரம் பறந்தவர்களுக்கும், படித்த வானிலை நிபுணர்களுக்கும் அந்தச் சந்தில் என்ன இருக்கிறது என்று அன்றைக்குத் தெரியாது. காற்றின் வேகமும் திசையும் சட்டென்று மாறும், விண்ட்ஷியர் என்று அதற்குப் பெயர், அது தெரியும். ஆனால் ஒரு ஜெட் விமானத்தையே தரையில் அறைகிற அளவுக்கு? அதுவும் பக்கத்திலேயே மற்ற விமானங்கள் சாதுவாக இறங்கிக்கொண்டிருக்கும்போது?

ஈஸ்டர்ன் நிறுவனம் ஒரு பேராசிரியரைக் கூப்பிட்டது. அவர் விமான நிபுணர் அல்ல. சிகாகோ பல்கலைக்கழகத்தில் சூறாவளி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஜப்பானியர். டெட்சுயா ஃபுஜிடா.

இந்த மனிதரின் கதையைச் சொல்லாமல் மேலே போவது பாவம்.

1920இல் ஜப்பானின் கியூஷு தீவில் பிறந்தவர். 1945இல் கோகுரா நகரத்துப் பகுதியில் இருந்த தொழில்நுட்பக் கல்லூரியில் ஆசிரியர். அந்த ஊர்ப் பெயரை எங்கேயோ கேட்டமாதிரி இருக்கிறதா? இரண்டாவது அணுகுண்டுக்கு அமெரிக்கா குறித்து வைத்திருந்த முதல் இலக்கு நாகசாகி அல்ல. கோகுரா.

ஆகஸ்ட் 9ஆம் தேதி காலை, குண்டு விமானத்துக்கு முன்னால் வேவு விமானங்கள் போய் வானிலை பார்த்தன. கோகுரா மேலே வானம் தெளிவு என்று செய்தி வந்தது. அதாவது, மெட்டார் நன்றாக இருந்தது. குண்டு விமானமோ, கூட வரவேண்டிய இன்னொரு விமானத்துக்காக வழியில் அரைமணிக்கும் மேல் வட்டமடித்துக் காத்திருந்தது. அது கோகுராவை அடைந்தபோது ஊரை மூட்டமும் புகையும் மறைத்திருந்தன. மூன்று முறை மேலே போய்ப் பார்த்தார்கள். இலக்கு கண்ணில் படவில்லை. பெட்ரோல் வேறு குறைந்துகொண்டிருந்தது. சரி, அடுத்த ஊர் என்று நாகசாகிக்குத் திருப்பினார்கள்.

காலையில் சொன்ன வானிலை, விமானம் போய்ச் சேர்வதற்குள் மாறிவிட்டது. ஃபுஜிடா உயிர் பிழைத்ததற்கு அது ஒன்றுதான் காரணம். எழுபதாயிரம் பேர் அளவுக்கு நாகசாகியில் செத்ததற்கும் அதுவேதான் காரணம்.

குண்டு விழுந்த சில வாரங்களில் ஃபுஜிடா நாகசாகிக்கும் ஹிரோஷிமாவுக்கும் போனார். அழிவைக் கணக்கெடுக்க. கல்லறைகளில் பூ வைக்கும் மூங்கில் குழாய்களின் உட்புறத்தில் எந்தக் கோணத்தில் கருகியிருக்கிறது என்று பார்த்து, குண்டு எத்தனை உயரத்தில் வெடித்தது என்று கணக்குப் போட்டார். மேலேயிருந்து வந்த அலை தரையில் மோதி எல்லாத் திசையிலும் பாய்ந்ததால், சுற்றிலும் இருந்த மரங்கள் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, நட்சத்திரம் வரைந்ததுபோல விழுந்து கிடந்தன. அந்தக் காட்சி அவர் மனத்தில் அப்படியே தங்கிவிட்டது.

1947இல் செஃபுரி மலையில் ஓர் இடி மழையை அளந்து ஒரு கட்டுரை எழுதினார். இடிமேகத்துக்குள் காற்று மேலே மட்டும் போவதில்லை, கீழேயும் பலமாக இறங்குகிறது என்பது அதன் சாரம். அதே மலையில் அமெரிக்கர்கள் ஒரு ராடார் நிலையம் வைத்திருந்தார்கள். அங்கே குப்பையில் கிடந்த ஓர் ஆராய்ச்சி அறிக்கை ஃபுஜிடா கைக்கு வந்தது. எழுதியவர் சிகாகோவின் ஹோரஸ் பையர்ஸ். விஷயம், அதே இடிமேகம், அதே கீழிறங்கும் காற்று. ஃபுஜிடா தன் கட்டுரையை இங்கிலீஷில் எழுதி பையர்ஸுக்குத் தபாலில் அனுப்பினார். பெரிய பணம் செலவழித்து, விமானங்களைப் பறக்கவிட்டு அமெரிக்கர்கள் கண்டுபிடித்ததை, ஒரு ஜப்பானிய வாத்தியார் மலையில் உட்கார்ந்து கண்டுபிடித்திருக்கிறார். பையர்ஸ் ஆடிப்போனார். 1953இல் ஃபுஜிடா சிகாகோவில் இருந்தார்.

1974 ஏப்ரலில் அமெரிக்காவை இரண்டு நாள்களில் 148 சூறாவளிகள் தாக்கின. ஃபுஜிடா சின்ன விமானத்தில் ஏறி, அழிந்த பகுதிகளைப் போட்டோ எடுத்துக்கொண்டே போனார். சூறாவளி போன பாதையில் மரங்கள் சுழன்று விழுந்திருக்கும். மேற்கு வர்ஜீனியாவில் ஒரு காட்டின் மேல் பறந்தபோது மரங்கள் சுழன்று விழவில்லை. நடுவிலிருந்து நாலாப்புறமும் விழுந்திருந்தன. நட்சத்திரம்! நாகசாகியில் பார்த்த அதே நட்சத்திரம்.

அடுத்த வருடம்தான் ஈஸ்டர்ன் 66.

ஃபுஜிடா விழுந்த விமானத்தை மட்டும் பார்க்கவில்லை. அதற்கு முன்னாலும் பின்னாலும் இறங்கிய விமானங்கள், தப்பித்துப் போனவை எல்லாவற்றின் பதிவுகளையும் வாங்கினார். யார் எத்தனை மணிக்கு, எந்த உயரத்தில், எவ்வளவு தூக்கப்பட்டார், எவ்வளவு அமுக்கப்பட்டார் என்று நிமிடம் நிமிடமாக வரைந்தார். 1976இல் அறிக்கை வெளிவந்தது. மேகத்திலிருந்து ஒரு காற்றுத் தூண் செங்குத்தாக இறங்கித் தரையில் மோதி, எல்லாப் பக்கமும் விசிறியடித்திருக்கிறது என்றார். டவுன்பர்ஸ்ட் என்று பெயர் வைத்தார். நாலு கிலோமீட்டருக்கு உட்பட்ட சின்ன ரகத்துக்குப் பின்னால் மைக்ரோபர்ஸ்ட் என்று தனிப்பெயர் வந்தது. ஆயுள் ஐந்து நிமிடம், மிஞ்சிப்போனால் பத்து, பதினைந்து.

துவைக்கிற கல்லின்மேல் குழாயை முழுசாகத் திறந்துவிட்டுப் பாருங்கள். தண்ணீர் நேராக விழுகிறது, கல்லில் பட்டதும் சுற்றிலும் தெறிக்கிறது. அதேதான். மழைத்துளிகள் விழும்போது ஒரு பகுதி ஆவியாகிறது. ஆவியாக வேண்டுமானால் வெப்பம் வேண்டும். சுற்றியுள்ள காற்றிலிருந்து அதை உறிஞ்சுகிறது. காற்று குளிர்கிறது, கனக்கிறது, தொப்பென்று விழுகிறது.

இதற்குள் நுழையும் விமானத்துக்கு நேர்வது ஒரு வகையான நம்பிக்கை மோசடி. முதலில் எதிர்க்காற்று. இறக்கைமீது காற்று வேகமாகப் பாய்வதால் விமானம் தானாகவே மேலே எழும்பும். வேகமும் கூடும். அடடா, ரொம்ப உயரத்தில் வருகிறோமே என்று பைலட் இன்ஜின் விசையைக் குறைப்பார். எந்த நல்ல பைலட்டும் அதைத்தான் செய்வார். சில விநாடிகளில் தூணுக்குள் நுழைந்துவிடுவார். மேலேயிருந்து அமுக்கும். மூச்சுவிடுவதற்குள் மறுபக்கம். அங்கே காற்று பின்னாலிருந்து அடிக்கும். இறக்கைக்குத் தாங்குசக்தி போய்விடும். இப்போது இன்ஜினை முழுசாகத் திறந்தாலும், ஜெட் இன்ஜின் முழு விசைக்கு வரப் பல விநாடிகள் எடுக்கும். முந்நூறு அடி உயரத்தில் அத்தனை விநாடிகள் கிடையாது.

ஆக, கென்னடியில் காற்றுமானி சொன்ன 15 நாட் நிஜம். காற்றுத் தூண் அந்தக் கம்பத்தின் தலையில் விழவில்லை. ஃபின்லாந்து விமானம் நல்லபடியாக இறங்கியதும் நிஜம். அது வந்த நேரம் அப்படி.

உலகம் கை தட்டியதா? ம்ஹும். சக விஞ்ஞானிகள் பலர் நம்பவில்லை. மேகத்திலிருந்து இறங்கும் காற்று தரையை நெருங்கும்போது வலுவிழந்துவிடும் என்பதுதான் பாடப்புத்தகம். பழைய சரக்குக்குப் புதுப்பெயர் வைக்கிறார், புயல்முகக் காற்றைத்தான் இவர் வேறு எதுவோ என்கிறார் என்றார்கள். நேரில் யாரும் ஒரு மைக்ரோபர்ஸ்ட்டை அளந்து காட்டியதில்லை என்பது உண்மைதான். ஃபுஜிடா கிளம்பினார். 1978இல் சிகாகோ அருகே டாப்ளர் ராடார்களை வைத்துக் காத்திருந்தார். ஒன்றல்ல, ஐம்பது மைக்ரோபர்ஸ்ட்கள் மாட்டின. 1982இல் டென்வர் விமான நிலையத்தைச் சுற்றி இன்னொரு ஆராய்ச்சி. ஒரே கோடையில் 150க்கும் மேல். அபூர்வம் என்று நினைத்தது, மழைக்கால ஈசல் மாதிரி எங்கு பார்த்தாலும் இருந்தது.

டென்வரில் இந்த ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்த அதே கோடையில், ஜூலை 9ஆம் தேதி, நியூ ஆர்லியன்ஸில் கிளம்பிய பான் ஆம் 759 சில விநாடிகளில் குடியிருப்புப் பகுதியில் விழுந்தது. விமானத்தில் 145 பேர், வீடுகளில் 8 பேர், மொத்தம் 153 பேர் பலி. இத்தனைக்கும் ஈஸ்டர்ன் 66க்குப் பிறகு விமான நிலையங்களில் ஒன்றுக்குப் பதில் ஐந்தாறு காற்றுமானிகள் வைத்து, அவை ஒன்றுக்கொன்று முரண்பட்டால் மணியடிக்கும் ஏற்பாடு வந்திருந்தது. நியூ ஆர்லியன்ஸிலும் அது இருந்தது. ஆனால் கம்பத்துக்குக் கம்பம் இடைவெளி பெரிது. தூண் சின்னது.

அடுத்த வருடம், 1983 ஆகஸ்ட் 1. ஜனாதிபதி ரீகனின் விமானம் வாஷிங்டன் அருகே ஆண்ட்ரூஸ் விமானப்படைத் தளத்தில் வந்து இறங்கியது. ஆறேழு நிமிடம் கழித்து அதே ரன்வேயில் காற்று 130 நாட்டைத் தொட்டது. மணிக்கு 240 கிலோமீட்டர். ஜனாதிபதி தாமதமாகக் கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அரசாங்கம் அதற்கப்புறமாவது பதறி எழுந்திருக்க வேண்டும். எழுந்தது. அரசாங்க வேகத்தில்.

1985 ஆகஸ்ட் 2. டெல்டா 191. ஃப்ளோரிடாவிலிருந்து டல்லஸுக்கு வந்த டிரைஸ்டார் விமானம், 163 பேர். இந்த விபத்தைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். ஏனென்றால் இங்கே எல்லாருமே தத்தம் வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள்.

டல்லஸுக்கான முன்னறிவிப்பில் இடி மழைக்குச் சிறிய வாய்ப்பு என்று இருந்தது. டெக்சாஸின் ஆகஸ்ட் மாதத்தில் தினம் எழுதக்கூடிய வரி. தப்பே சொல்ல முடியாது. கேப்டன் அசட்டையான ஆளும் அல்ல. வழியில் ஓர் இடிமேகத்துக்கு நேராகப் போகச் சொன்னபோது, முடியாது, சுற்றிக்கொண்டு போகிறேன் என்று மறுத்தவர். விமான நிலையத்துக்கு வடக்கே, வரும் வழியிலேயே, சில நிமிடங்களுக்குள் ஒரு மேகம் கொதித்து எழுந்தது. அந்த வட்டாரத்து விமானக் கட்டுப்பாட்டு மையத்துக்கென்று தனியாக ஒரு வானிலை நிபுணர் உண்டு. அவர் அந்தச் சமயம் சாப்பிடப் போயிருந்தார். மனிதன் சாப்பிடாமல் இருக்க முடியுமா? மாற்றாள் போடாதது யார் குற்றம்?

191க்கு முன்னால் ஒரு சின்ன லியர்ஜெட் அதே மழைக்குள் புகுந்து, ஒன்றும் தெரியாமல் தடுமாறி, ஒருவழியாக இறங்கியது. இறங்கியவர் கட்டுப்பாட்டு அறைக்கு எதுவும் சொல்லவில்லை. கென்னடியில் ஒருவர் கத்தியும் கேட்கவில்லை. டல்லஸில் கத்தவே ஆளில்லை.

காக்பிட்டில் மின்னலைப் பார்த்தார்கள். நேர் முன்னால் என்று பேசிக்கொண்டார்கள். மழைக்குள் நுழைந்தார்கள். வேகம் கூடியது. துணை விமானிதான் ஓட்டிக்கொண்டிருந்தார். வேகத்தைக் கவனி, சட்டென்று எல்லாம் போய்விடும் என்று கேப்டன் எச்சரித்தார். அடுத்த விநாடிகளில் அது நடந்தது. 173 நாட் வேகம் 133 ஆனது. கேப்டனுக்கு விண்ட்ஷியர் தெரிந்திருக்கிறது. எப்படி ஏமாற்றும் என்பதும் தெரிந்திருக்கிறது. ஆனால் அது எவ்வளவு பெரியது என்று சொல்லத்தான் விமானத்திலும் தரையிலும் ஒரு கருவி இல்லை. விமானம் ரன்வேக்கு வெகு முன்பே வயலில் இறங்கி, நெடுஞ்சாலையில் போன ஒரு காரை நசுக்கி, அதை ஓட்டியவரைக் கொன்று, விமான நிலையத்துத் தண்ணீர் டாங்குகளில் மோதி வெடித்தது. 130க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பிழைத்தவர்களில் பெரும்பாலானவர்கள் வால் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்.

டல்லஸிலும் அந்தக் காற்றுமானி மணி இருந்தது. அது அடித்தது. விமானம் விழுந்து பத்து நிமிடத்துக்கு மேல் ஆன பிறகு.

வழக்கு பதினான்கு மாதம் நடந்தது. இடிமேகத்துக்குள் போனது விமானிகளின் தவறு என்று 1989இல் நீதிபதி தீர்ப்பளித்தார். மின்னலைப் பார்த்தும் போனார்களே என்ற கேள்விக்குப் பதில் கிடையாதுதான். விசாரணை வாரியமும் விமானிகளைத்தான் முதலில் சொன்னது. ஆனால் அதே வாரியம், இந்தக் காற்றைப் பற்றி அந்த நிமிடத்துத் தகவல் தரும் ஏற்பாடு இல்லாததையும் காரணங்களில் சேர்த்தது. என்னைக் கேட்டால், அந்தக் கடைசிக் காரணத்தைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். ஃபுஜிடா அறிக்கை வந்து அப்போது ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

அதற்கப்புறம் பணம் வந்தது, வேகமும் வந்தது. 1988இல் அமெரிக்க விமானத் துறை, பயணிகள் விமானங்களில் விண்ட்ஷியர் எச்சரிக்கைக் கருவி கட்டாயம் என்று விதி போட்டது. நாசா ஒரு பழைய போயிங் 737ஐ எடுத்துக்கொண்டு 1991, 92 கோடைகளில் வேண்டுமென்றே மைக்ரோபர்ஸ்ட்டுகளுக்குள் ஓட்டிக் கருவிகளைச் சோதித்தது. அந்த பைலட்டுகளுக்கு ஒரு கும்பிடு. மூக்கில் இருக்கும் ராடாரே முன்னால் உள்ள காற்று எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துச் சொல்ல ஆரம்பித்தது. விமானிகளுக்கு சிமுலேட்டரில் கென்னடியையும் டல்லஸையும் மறுபடி மறுபடி ஓட்டிக் காட்டினார்கள். வேகம் தானாகக் கூடினால் சந்தோஷப்படாதே, இன்ஜினைக் குறைக்காதே, ஏறு என்பது பாடம். 1994இல் விமான நிலையங்களுக்கென்றே தனி டாப்ளர் ராடார்கள் வேலைக்கு வந்தன.

அந்த வருடம் ஜூலை 2ஆம் தேதி வட கரோலினாவின் சார்லட்டில் யுஎஸ்ஏர் 1016 விழுந்தது. 37 பேர் பலி. மைக்ரோபர்ஸ்ட். அமெரிக்காவில் அந்தக் காரணத்தால் விழுந்த கடைசிப் பெரிய பயணிகள் விமானம் அதுதான்.

ஃபுஜிடா 1998 நவம்பர் 19ஆம் தேதி சிகாகோவில் காலமானார். சூறாவளிகளுக்கு எஃப் ஒன்று, எஃப் ஐந்து என்று அளவு போட்டாரே, அதற்காகத்தான் பேப்பர்கள் அவரை நினைவுகூர்ந்தன. மிஸ்டர் டொர்னாடோ என்றுதான் அவருக்குப் பட்டம். டல்லஸில் மழை நாளில் பத்திரமாக இறங்குகிறவர் யாருக்கும் அவர் பெயர் தெரிந்திருக்க நியாயமில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் டாஃபில் மைக்ரோபர்ஸ்ட்டுக்கு ஓர் எழுத்துகூடக் கிடையாது. டி.எஸ். என்றால் இடி, சி.பி. என்றால் இடிமேகம். அந்த இரண்டில் ஒன்றைப் பார்த்தால், எந்த நிமிடமும் காற்று கவிழலாம் என்று பைலட் தானாகப் படித்துக்கொள்ள வேண்டும். அந்த ஊருக்கு மேலே சுற்றிக் காத்திருக்கவும், முடியாவிட்டால் அடுத்த ஊருக்குப் போகவும் சேர்த்து எரிபொருள் ஏற்றச் சொல்வார். அதிக எரிபொருள் அதிக எடை, அதிக எடை அதிகச் செலவு. கம்பெனியின் கணக்குப் பிள்ளை முகம் சுளிப்பார். மணிக்கணக்கைப் பற்றி டாஃப் செய்யக்கூடியது அவ்வளவுதான்.

நிமிடக் கணக்குக்குக் காகிதம் இல்லை, குரல்தான். ராடார் பிடித்த அடுத்த கணம் கட்டுப்பாட்டு அதிகாரியின் முன்னால் ஒரு வரி ஓடும். அவர் அதை அப்படியே வாசிப்பார். மைக்ரோபர்ஸ்ட் எச்சரிக்கை, இன்ன ரன்வே, 40 நாட் இழப்பு, இரண்டு மைல் தொலைவில். தன் அபிப்பிராயம் எதையும் சேர்க்க மாட்டார். பைலட் அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்காமல் இன்ஜினை முழுசாகத் திறந்து மேலே ஏறிவிடுவார். உள்ளே ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, ரன்வே வரைக்கும் வந்துவிட்டு எதற்கு இப்படிச் சுற்றுகிறான் என்று பக்கத்து சீட்காரரிடம் எரிந்து விழுந்துகொண்டிருப்பார்.